தலைக்கம்பு இஞ்ஞாசியின் காறையெலும்பு

மூட்டுமானி வந்த வருசம் சாளைத்துறையில் மூன்று பேர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய். போனது இரண்டு பேர். மூன்றாமவர் சாகவில்லை, வெட்கப்பட்டார். அவர் பெயர் இஞ்ஞாசி. பழக்கமே இல்லாத மனிதர் ஐம்பத்தேழு வயதில் முதன்முறையாக வெட்கப்பட்டால், பார்க்கிறவர்களுக்கு அது மாரடைப்பு மாதிரிதான் தெரியும்.

மூட்டுமானி பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. குளியல் சோப்பு அளவில் ஒரு வில்லை. அதைத் தோள்மேல் வைத்தால், மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பு எந்தத் தேதியில் எத்தனை கிலோ சுமந்தது என்று திரையில் எழுதிவிடும். மரத்தை அறுத்தால் உள்வளையம் மழை பெய்த வருசத்தைச் சொல்கிறதே, அது மாதிரி. தோலும் சதையும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பழசை மறந்துவிடும், குருத்தெலும்புக்கு மட்டும் மறதி கிடையாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் நடந்த கூத்து கொஞ்சமல்ல. தலைவரின் சவப்பெட்டியைச் சுமந்தவன் என்று சொல்லியே நாலு தேர்தல் ஜெயித்த ஒருவரின் தோளில், அந்தத் தேதியில் பதிவாகியிருந்த எடை நூற்றைம்பது கிராம். அது அவர் போட்டிருந்த துண்டு. பெண் கொடுக்கிற வீடுகளில் சாதகத்தோடு சேர்த்து மாப்பிள்ளையின் தோள் ரிப்போர்ட்டையும் கேட்டார்கள். மாப்பிள்ளைகள் திடீரென்று அம்மாவுக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார்கள், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே.

இது நடந்தது இரண்டாயிரத்து எழுபத்தொன்றில். சாளைத்துறையின் இரண்டு தெருக்களைக் கடல் ஏற்கெனவே தின்று ஏப்பம் விட்டிருந்தது. படகுகள் ஆளில்லாமல் போய் ஆளில்லாமல் திரும்பின. வலையையும் ஐஸ் பெட்டியையும் தூக்குவதற்கு இயந்திரக் கை வைத்த வண்டிகள் இருந்தன. ஊரில் ஒரு மனிதன் தோளில் ஒரு சுமை ஏறுவது வருசத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஆகஸ்டு மாதம், திருநாள் காலையில், மாதாவின் சப்பரம்.

சப்பரம் எழுநூறு கிலோ. இரண்டு கம்பு, கம்புக்கு ஆறு பேர். வலது கம்பின் முதல் இடத்துக்குத் தலைக்கம்பு என்று பெயர். அது இஞ்ஞாசி வீட்டுப் பரம்பரை உரிமை. உரிமையைக் கொடுத்த மாதா உயரத்தைக் கொடுக்கவில்லை. இஞ்ஞாசி ஐந்தடி இரண்டங்குலம். அவருக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் நிற்கிற சந்தியாகு, அவருடைய அத்தை மகன், ஆறடி. குட்டையான ஆள் என்ன செய்ய வேண்டும் என்றால், தோளுக்கும் கம்புக்கும் நடுவில் துண்டை மடித்து வைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எத்தனை மடிப்பு என்பது சுமப்பவருக்கும் மாதாவுக்கும் நடுவிலுள்ள விசயம். இன்னொருவர் துண்டைத் தொடக்கூடாது, எண்ணக்கூடாது. அது ஊர்க்கட்டுப்பாடு.

இஞ்ஞாசிக்கு எட்டு மடிப்பு வேண்டும். அவர் நாலாக மடித்தார்.

நாலு மடிப்பில் துண்டு கம்பைத் தொடும். ஆனால் கம்பு துண்டை அழுத்தாது. ஒரு விரல்கடை வித்தியாசம்தான். அவர் பாட்டுக்குக் கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று நடந்து போவார். முதல் முறை அப்படிச் செய்தது இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால். அதற்கு முந்தின திருநாளில் நிசமாகவே சுமந்து, கோயில் முக்குத் திரும்பும்போது உயிர் போய்விடும் என்று பயந்திருந்தார். 'இந்த ஒரு வருசம் மட்டும்' என்று நாலாக மடித்தார். அடுத்த வருசமும் அந்த ஒரு வருசமாகவே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்து வருசமாக அவருக்கு வலி வந்துவிட்டது. வலது காறையெலும்பு நெஞ்சோடு சேருகிற இடத்தில், தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். காலையில் எழுந்தால் சட்டை மாட்ட ஆகாது. சப்பரம் சுமப்பவர்களுக்கு வருகிற வீக்கத்துக்கெல்லாம் ஊர் வைத்த பெயர் 'மாதா முத்திரை'. அவரைப் பார்த்தால் கிழடுகள்கூட எழுந்து நின்றன. முதலில் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு, சுமக்காமலே வலி வந்துவிட்டதே, அப்படியானால் கொஞ்சமாவது சுமந்திருப்போம் போலிருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கினார்.

ஜூலை கடைசியில், அரசாங்கத்து மருத்துவப் பேருந்து வந்து மாதா கோயில் மைதானத்தில் நின்றது. டாக்டர் நஃபீசா காயல்பட்டினத்துப் பெண். சப்பரம் தூக்குகிற பன்னிரண்டு பேருக்கும் தோளைப் பார்த்து மருந்து கொடுப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு பேரும் முத்திரை வாங்கப் போகிற மாதிரி சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"காறை எலும்புக்கு ரெண்டு முனை, அண்ணாச்சி," என்று டாக்டர் முதல் ஆளுக்கே பாடத்தை ஆரம்பித்தார். "வெளி முனை தோள் உச்சியில சேருது. உள் முனை நெஞ்செலும்புல சேருது. சுமை தூக்குனா தேயறது பெரும்பாலும் வெளி முனை. உங்களுக்கு அதுதான், தேய்மானம்."

இரண்டாவது ஆள் பெர்னார்து. அவருக்கு உள்முனை தீயாகச் சிவந்திருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"முந்தாநாளு திடீர்னு, டாக்டரம்மா. மாதாதான்..."

"மாதா இல்ல, ஆட்டு ஈரல். இது யூரிக் அமிலம், உப்பா உறைஞ்சு மூட்டுல உக்காந்திருக்கு. கால் பெருவிரல்லதான் வரும், உங்களுக்கு வழி தப்பி இங்க வந்திருக்கு. கறியைக் குறைங்க."

வரிசையில் சிரிப்பு. "வே பெர்னார்து, ஒமக்கு ஆட்டு முத்திரையாம்லா!"

இன்னொருவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கி, கைவிரல்களும் கோணியிருந்தன. "இது முடக்குவாதம். உங்க ரத்தமே உங்க மூட்டைப் பகையாளின்னு நினைச்சு அடிக்குது. சுமைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் டாக்டர். ஆக ஊர் ஒரே முத்திரை என்று கும்பிட்டுக்கொண்டிருந்ததை, அந்த அம்மாள் அரை மணி நேரத்தில் மூன்று சீக்காகப் பிரித்து வைத்துவிட்டார். இஞ்ஞாசி தன் முறை வரும்போதெல்லாம் "நீ போ, நீ போ" என்று பின்னால் நின்றவர்களை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள்.

சந்தியாகுவின் தோளில் வில்லையை வைத்த டாக்டர் திரையைப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார்.

"உங்க கை எவ்வளவு தூரம் ஏறும்?"

சந்தியாகு வலது கையைத் தூக்கினார். இடுப்புக்கு மேல் ஒரு சாண் ஏறி நின்றது.

"மத்தவங்களுக்கெல்லாம் திருநாளுக்குத் திருநாள் அம்பத்தெட்டு, அறுபது கிலோ காட்டுது. உங்களுக்கு நூத்திப் பதினெட்டு. வருசா வருசம். இருபத்திரண்டு வருசமா. ரெண்டு ஆள் சுமை. எப்படி?"

சந்தியாகு தரையில் மண்டியிட்டுவிட்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் பங்குச்சாமிகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன். நம்பலியே அவரு. இப்ப மிசினே சொல்லுது பாருங்க," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எங்கம்மை சாகக் கெடந்தா. 'சாமியாரக் கூட்டிட்டு வாடா, சாகுமுன்ன அவஸ்தை எண்ணெ பூசணும்'னா. நான் போற வழியில சீட்டாட்டத்துல ஒக்காந்துட்டேன். ஒரே ஒரு கைதான். சாமியாரோட வந்து பாத்தா, அம்மை இல்ல. அந்த வருசம் திருநாளுக்குக் கம்புக்குக் கீழ நின்னேன். மாதா ரெண்டாளு கனத்துல எம்மேல எறங்குனா. பாவம் செஞ்சவன் தோளுலதான் அவ கனப்பான்னு பெரியவங்க சொல்லுவாங்கள்லா? அன்னைக்கே முடிவு பண்ணேன். அவளா எறக்குற வரைக்கும் எனக்கு நல்லது பொல்லாதது ஒண்ணும் கெடையாது."

கூட்டத்தில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ கோயில் மணியை அடிக்க ஓடினார்கள்.

இஞ்ஞாசிக்கு அப்போதுதான் அந்த இன்னொரு ஆள் சுமை யாருடையது என்று தெரிந்தது. சந்தியாகு கல்யாணம் வேண்டாம் என்றது அம்மா போன துக்கத்தில் என்றுதான் ஊரைப் போல அவரும் நினைத்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பெண் வேறு யாருமில்லை, இஞ்ஞாசியின் தங்கை கித்தேரி. முறைப்பெண். அதற்குப் பிறகு வந்த மூன்று இடங்களை அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பியனுப்பினாள். இப்போது ஐம்பது வயது. அண்ணன் வீட்டில் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லோரும் சந்தியாகுவைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டு போன பிறகு, பேருந்தில் இஞ்ஞாசியும் டாக்டரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"தோளைக் காட்டுங்க, அண்ணாச்சி."

"எனக்கு எதுக்கு டாக்டரம்மா. மாதா முத்திரை, இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் வில்லையை வைத்துத் திரையைப் பார்த்தார். இஞ்ஞாசியின் காதுக்குப் பின்னால் பார்த்தார். விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"காதுக்குப் பின்னால செதில் செதிலா உதிருதா?"

"பொடுகு."

"பொடுகு இல்ல, சொரியாசிஸ். நகத்துல குண்டூசி குத்துன மாதிரி புள்ளி இருக்கு பாருங்க. தோல்ல வர்ற அதே நோய் மூட்டுக்கும் போகும். காறை எலும்போட உள் முனை அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஊசி இருக்கு, ரெண்டு வாரத்துல வீக்கம் வடிஞ்சிரும்." கொஞ்சம் நிறுத்தினார். "வெளி முனை ரொம்ப நல்லாயிருக்கு. இருபது வயசுப் பையன் மூட்டு மாதிரி. ஒரே ஒரு திருநாள்ல அறுபது கிலோ. அதுக்குப் பிறகு சுத்தம்."

ஒரு மனிதனின் உடம்பைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையை டாக்டர் சொல்ல முடியாது. இஞ்ஞாசி அதைக் கேட்டு, கழற்றிய சட்டையால் நெஞ்சை மூடிக்கொண்டார்.

"தேதியெல்லாம் ஒத்துப்போகுது," என்றார் டாக்டர் மெதுவாக. "உங்க தோள்ல இல்லாதது எல்லாம் அவர் தோள்ல இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தோள் கணக்கை வச்சு ஒருத்தரைக் காட்டிக்குடுக்கறது எங்க வேலை இல்ல. ஆனா அவருக்கு இன்னும் ஒரே ஒரு தடவை அந்தச் சுமை விழுந்தா, தோள் நரம்பு அறுந்துரும். கை தொங்கிரும். தூக்காதீங்கன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. மாதாவா இறக்கணுமாம்." வில்லையைப் பெட்டியில் வைத்து மூடினார். "இறக்க வேண்டியது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

திருநாளுக்குப் பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாளும் இஞ்ஞாசி சொல்லிவிடத்தான் கிளம்பினார். முதலில் பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். கூண்டின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. "சாமி, தூங்குறீங்களா?" என்று கேட்டார். "இல்ல இஞ்ஞாசி, எண்ணிக்கிட்டிருக்கேன். இருபத்திரண்டு வருசமா நான் அவனைக் கோட்டிக்காரன்னு நெனச்சேன்," என்றார் சாமி. "எனக்குத் தனியா ஒரு பாவசங்கீர்த்தனம் வேணும் போலிருக்கு. நீ போயி அவங்கிட்டயே சொல்லு."

சந்தியாகுவின் வீட்டுக்குப் போனார். அங்கே மூட்டு ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் சந்தியாகுவின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வலியில் முகம் சுளித்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டினார். "வாரும் மச்சான், ஒமக்கு முன்னாலேயே முத்திரையக் குடுத்தவ, எனக்கு இப்பத்தான் ரசீது குடுத்திருக்கா," என்று சிரித்தார். இஞ்ஞாசி டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பதினாறு நாளில் அவர் குடித்த டீயில் ஒரு படகு மிதக்கும்.

நடுவில் ஊசி வேலை செய்தது. எலுமிச்சம்பழம் வடிந்து சுண்டைக்காயாகி, அதுவும் மறைந்தது. ஊரார் நெஞ்சைப் பார்த்து, "முத்திரை எங்கண்ணே?" என்று கேட்டார்கள். ஊரில் நெஞ்சு வெயிலில் தெரிய நடந்தவர், அந்த ஆடி வெக்கையில் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

திருநாள் காலையில் துண்டை எட்டாக மடித்தார்.

"தூக்கு!" என்ற குரல் வந்ததும் கம்பு இறங்கியது. இஞ்ஞாசியின் தோள் உச்சியில் அறுபது கிலோ உட்கார்ந்தது. கண்ணில் நட்சத்திரம் பறந்தது என்று எழுதலாம், ஆனால் அவருக்கு ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. முன்னால் நடக்கிற பாண்டு வாத்தியக்காரனின் கால்சட்டைக் கிழிசல் மட்டும் தெரிந்தது. கடல் தின்றது போக மிச்சமிருந்த ஒன்றரைத் தெருவை அவர் அந்தக் கிழிசலைப் பார்த்தே கடந்தார். ஒவ்வொரு அடியிலும், 'இதைப் போல இரண்டு மடங்கு' என்று ஒரு நினைப்பு பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

கோயில் முக்கில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மச்சான்... மச்சான்! கனம் கொறஞ்சிட்டு வே!"

சப்பரத்தை இறக்கியதும் சந்தியாகு மண்ணில் விழுந்து கும்பிட்டார். அந்த ஆறடி ஆள் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். "எறக்கிட்டா! என்ன எறக்கி விட்டுட்டா!" பாண்டுக்காரர்கள் தாங்களாகவே இன்னொரு பாட்டு வாசித்தார்கள். இஞ்ஞாசி துண்டை அவசரமாக உதறித் தலையில் கட்டிக்கொண்டார். நல்லவேளை, எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது, இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிமிசம் தோன்றியது. அந்த ஒரு நிமிசத்துக்காகவும் பிற்பாடு தனியாக வெட்கப்பட்டார்.

சாப்பாட்டு நேரம் கழிந்து, வெயில் சாயத் தொடங்கும்போது, சந்தியாகு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"மச்சான், சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. எனக்கு அம்பத்தஞ்சு. கித்தேரிக்கு அம்பது. கேட்டா ஊரு சிரிக்கும். ஆனா இன்னைக்குத்தான் எனக்குக் கேக்குற யோக்யதை வந்துருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அவ எம்பேச்ச நம்ப மாட்டா. இத்தன வருசம் ஏதோ சாக்குச் சொன்னவன்லா நான். நீரு எனக்கு முன்னால நின்ன ஆளு. தலைக்கம்பு. மாதா என் கனத்த எறக்குனத ஒம்ம வாயால ஒரு வார்த்த சொல்லும். நீரு சொன்னா நம்புவா."

'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். இஞ்ஞாசி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நாலா மடிச்சேன், மச்சான்," என்றது வாய்.

"என்னது?"

"துண்ட. எட்டா மடிக்கணும் நான். நாலாத்தான் மடிச்சேன். கம்பு எம்மேல உக்காரவே இல்ல. இன்னைக்குத்தான் எட்டு."

சந்தியாகு சண்டைக்கு எழுந்திருப்பார் என்று இஞ்ஞாசி எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

"எத்தன வருசம்?"

"இருபத்திரெண்டு."

"அம்மை போன வருசத்துலேருந்தா?"

"அந்த வருசந்தான் மொதல்."

"அப்போ எங்கம்மை?" என்றார் சந்தியாகு. இஞ்ஞாசிக்குப் புரியவில்லை. "சாமியார் வரலியேன்னு வாசலப் பாத்துக்கிட்டே செத்தா, மச்சான். அதுக்கு மாதா ஒருத்தியாவது எம்மேல கோவமா இருக்கான்னு நெனச்சித்தான் நான் தின்னேன், தூங்குனேன். அந்தக் கோவம் ஒம்ம துண்டுன்னா... அப்ப எங்கம்மைக்காக யாருமே கேக்கலியா? யாருமே?"

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி," என்று சந்தியாகு எழுந்தார். "அடுத்த வருசம் பழையபடி நாலாவே மடியும். மாதா இன்னும் எறக்கல, ஏத்துனதே அவ இல்லியே. எந் தண்டனைய நான் இனிமேத்தான் தொடங்கணும்."

"டாக்டர் சொல்லிட்டாவ வே, கை தொங்கிரும்..."

"தொங்கட்டும்."

"பேசி முடிச்சாச்சா?" கித்தேரி அடுப்படி வாசலில் நின்றாள். கையெல்லாம் சாம்பல். அழுத முகமாக இல்லை. "வெளிய போங்க ரெண்டு பேரும்."

"கித்தேரி, நான் என்ன சொல்ல வாரேன்னா..." என்றார் சந்தியாகு.

"அத்தான், இருபத்திரெண்டு வருசம் ஒரு வார்த்த சொல்லாதவரு இன்னைக்கும் எங்கண்ணன்கிட்டத்தான் சொல்லிக்கிட்டிருக்கீரு. வெளிய நின்னு சொல்லும். அண்ணே, நீயும் எந்திரி. ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?"

இரண்டு பேரையும் வாசலுக்கு வெளியே விட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அது இஞ்ஞாசியின் வீடு. அவர் அப்பா கட்டியது. அவர் தெருவில் வெறுங்காலோடு நின்றார். எதிர்வீட்டுத் திருநாள் விருந்தாளிகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

"தட்டும் வே," என்றார் சந்தியாகு கொஞ்ச நேரம் கழித்து.

"நீரு தட்டும். ஒம்ம விசயம்லா."

"எனக்குக் கை ஏறாது, மச்சான்."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஏறாது என்பதால் ஏறாது என்றார். இஞ்ஞாசி தன் வலது கையைத் தூக்கினார். அது வலியில்லாமல், இருபது வயசுக் கை மாதிரி, தலைக்கு மேல் லேசாக ஏறியது. அந்தக் கையை ஊரே பார்க்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் கித்தேரி உள்ளேயிருந்து.

தலைக்கம்பு என்று சொல்லிப் பழகிய வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"களவாணி வந்திருக்கேன், தாயீ," என்றார் இஞ்ஞாசி. "கதவத் தொற."

உள்ளே தாழ்ப்பாளில் கை பட்ட சத்தம் கேட்டது.

"எந்தக் களவாணி?" என்றாள் கித்தேரி. "அங்கன ரெண்டு பேரு நிக்கியளே."